எஸ்பிஎம்முக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஓர் ஆண்டு

எஸ்பிஎம் கடைசித் தாள் முடிந்த வாரத்தில் ஜோர்ஜ்டவுனில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். லிட்டில் இந்தியா துணிக்கடை, பினாங்கு ரோட்டுக் கைப்பேசிக் கடை, பழைய கடைவீடுகளுக்குள் புதிதாகத் திறந்திருக்கும் காப்பிக் கடைகள் என எங்கே போனாலும் கல்லாவில் நிற்கும் முகங்களில் பல, போன வாரம்வரை ஐந்தாம் படிவத்தில் இருந்தவை. கடலுக்கு இந்தப் பக்கம் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இதே கதைதான். சிலர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், சிலர் உணவகத்துக்கு. வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்ப்பவர்களும் உண்டு.

இது எத்தனை நாள் ஓய்வு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கோவிட் காலத்தில் பள்ளி நாட்காட்டி நகர்ந்ததால் தேர்வும் முடிவும் இடம் மாறின. என் அணியினர் 2022ஆம் ஆண்டுக்கான எஸ்பிஎம்மை 2023 மார்ச்சில்தான் எழுதி முடித்தோம். முடிவு ஜூன் 8ஆம் தேதி வந்தது. அந்த மூன்று மாதத்தில் நாங்கள் யாருக்கும் சொந்தமில்லை. பள்ளி எங்களை அனுப்பிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் 'கேப் இயர்' என்ற சொல் காதில் விழும். இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருவர் முதுகுப்பையோடு மலையேறிக்கொண்டிருப்பார். பள்ளியை முடித்த பிறகு ஓராண்டு இடைவெளி விட்டு, உலகத்தைப் பார்த்து, தன்னை அறிந்துகொண்டு, அதன்பின் பல்கலைக்கழகம் செல்வதாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதை நம் வீட்டுக் கூடத்தில் சொல்லிப் பாருங்கள். "ஒரு வருஷம் வீணாப் போயிடும்மா" என்ற பதில் சமையலறையிலிருந்தே வந்துவிடும்.

அந்தப் பதிலைப் பழமைவாதம் என்று நான் ஒதுக்கமாட்டேன். நம் பெற்றோர் தலைமுறைக்கு ஓராண்டு இழப்பு என்றால் என்னவென்று அனுபவத்தில் தெரியும். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வழியில் 'ரிமூவ்' வகுப்பு இருக்கிறது. அதிகாரப்பூர்வப் பெயர் 'பெராலிஹான்'. நாம் புகுமுக வகுப்பு என்கிறோம். மலாய்மொழியில் குறைந்தபட்ச நிலையை எட்டாதவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் அங்கே ஓராண்டு இருக்க வேண்டும். மொழியைச் சரிசெய்து மேலே அனுப்பும் பாலமாக அமைக்கப்பட்டது அது. ஆனால் நடப்பில், கூடப் படித்த மலாய்ப் பிள்ளைகளைவிட ஒரு வயது மூத்தவராக, 'ரிமூவ் பசங்க' என்ற பட்டத்தோடு நுழைந்த நினைவுதான் என் பெரியப்பா போன்றவர்களுக்கு மிச்சம். இடையில் ஓராண்டு என்றாலே பின்தங்குதல் என்ற பொருள் அங்கேயே பதிந்துவிட்டது.

ஆக, இடைவெளி ஆண்டு நம் சமூகத்துக்குப் புதிதல்ல. அதை யார் வடிவமைக்கிறார்கள், அது முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஏணியாகவும் ஆகும், குழியாகவும் ஆகும்.

சரவாக்குக்கு வந்த பதினெட்டு வயதினர்

வெளிநாட்டு இடைவெளி ஆண்டின் வரலாற்றில் ஒரு முக்கியப் பக்கம் நம் நாட்டில் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1958ஆம் ஆண்டு பிரிட்டனில் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோராவும் 'வி.எஸ்.ஓ.' என்ற தன்னார்வச் சேவை அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றைய பிரிட்டனில் பள்ளியை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருந்த இளைஞர்கள் நிறையப் பேர். கட்டாய இராணுவச் சேவையும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பதினெட்டு, பத்தொன்பது வயதினரை வீணே இருக்கவிடாமல் தேவையுள்ள ஊர்களுக்கு அனுப்பலாமே என்பது டிக்சனின் எண்ணம். முதல் அணியில் சிலர் வந்து சேர்ந்த இடம் சரவாக். அப்போது அது பிரிட்டிஷ் காலனி, மலேசியா பிறக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

இதில் என்னைக் கவர்ந்தது ஒரு விஷயம். பிற்பாடு 1960களில் அந்த அமைப்பு பட்டதாரிகளையும் தொழில் தெரிந்தவர்களையும் அனுப்பும் பக்கம் திரும்பிவிட்டது. பள்ளி முடித்த பிள்ளைகளால் அந்த ஊர்களுக்கு உண்மையில் எவ்வளவு பயன் என்ற கேள்வி நியாயமானதுதான். போன பிள்ளைகளுக்குப் பயன் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சரவாக் மக்களுக்கு எந்த அளவுக்கு என்பது வேறு கணக்கு.

அண்மைய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே 2009இல் 'பிரிட்ஜ் இயர்' என்ற திட்டம் தொடங்கியது. புதிதாகச் சேரும் மாணவர்களில் ஒரு சிறு குழுவை முதல் ஆண்டு வகுப்புக்கு முன் ஒன்பது மாதம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தொடக்கத்திலேயே தேர்வான இடங்களில் ஒன்று இந்தியாவின் வாரணாசி. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் மொழியைக் கற்று, ஒரு சேவை அமைப்பில் வேலை செய்ய வேண்டும். இதற்குக் கல்விக் கட்டணம் கிடையாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வாரணாசியை அல்ல. அந்த மாணவர் விமானம் ஏறும்போதே அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகிவிட்டது. ஒன்பது மாதம் கழித்துத் திரும்பினால் படுக்கையும் பாட அட்டவணையும் காத்திருக்கும். அவருடைய இடைவெளிக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு.

சுவர் இல்லாத இடைவெளி என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ராபர்ட் போசிக், ஸ்டெஃபனி டெலூக்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் அமெரிக்க மாணவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயர்நிலைப்பள்ளி முடித்தவர்களில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினர் கல்லூரியைத் தள்ளிப்போட்டார்கள். அவர்களில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம். பிறகு கல்லூரிக்குப் போனாலும், நேராகப் போனவர்களைவிட அவர்கள் பட்டம் பெறும் வாய்ப்பு குறைவாக இருந்தது. மறுபுறம், ஆஸ்திரேலியாவில் எலிசா பிர்ச், பால் மில்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இடைவெளி ஆண்டு எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் வந்தவர்கள் நல்ல மதிப்பெண் பெற்றது தெரிந்தது.

இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றலாம். இரண்டாவது ஆய்வு, பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. முதல் ஆய்வு, வந்து சேராதவர்களையும் நடுவில் விட்டவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. நம் வீட்டு அம்மாக்கள் பயப்படுவது முதல் கணக்கைத்தான். ஆய்வுக் கட்டுரை படிக்காமலேயே அவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஒரே தேர்வுக்காக ஓராண்டு

தமிழ்நாட்டில் இடைவெளி ஆண்டு வேறொரு உருவத்தில் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் 'ரிப்பீட்டர்'. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மருத்துவம் படிக்க நீட் தேர்வு எழுதி, மதிப்பெண் போதாமல், மீண்டும் ஓராண்டு பயிற்சி மையத்தில் சேருபவர்கள் இவர்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021இல் தமிழக அரசிடம் கொடுத்த அறிக்கை, 2020-21இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டுக்கும் மேலானோர் இப்படி மறுமுறை எழுதியவர்கள் என்றது. நீட் கட்டாயமாவதற்கு முன் இது 12 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்ததாம்.

அந்த ஆண்டும் கட்டமைக்கப்பட்ட ஆண்டுதான். காலை முதல் இரவுவரை அட்டவணை, வாரத் தேர்வு, விடுதி என்று எல்லாம் இருக்கும். ஆனால் உயிரியல், இயற்பியல், வேதியியல் வினாக்களைத் தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே அந்த இரண்டாவது வாய்ப்பு. கட்டமைப்பு இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

நம் நாட்டு அரசாங்கமும் ஒரு காலத்தில் இந்த இடைவெளிக்குள் நுழைந்தது. 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி, அதாவது பிஎல்கேஎன், பதினெட்டு வயதினரில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மூன்று மாத முகாமுக்கு அனுப்பியது. என் அக்காள்மார் வயதினரைக் கேளுங்கள், முகாம் கதைகள் நிறைய வரும். 2018இல் அது கைவிடப்பட்டது. இப்போது 45 நாள் பயிற்சியாக, பிஎல்கேஎன் 3.0 என்ற பெயரில் 2025 ஜனவரியில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. ஒழுங்கும் பல இன நட்பும் கிடைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கான ஆயத்தம் என்று அதைச் சொல்ல முடியாது, அது அதற்காக அமைக்கப்பட்டதும் இல்லை.

நம்மிடம் ஏற்கனவே இருக்கும் ஆண்டு

மலேசிய மாணவர் எஸ்பிஎம் முடித்ததும் நேராகப் பட்டப்படிப்புக்குப் போக முடியாது. நடுவில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். மெட்ரிகுலேசன், அசாசி, டிப்ளோமா, அல்லது ஆறாம் படிவம். அமெரிக்க மாணவர் இடைவெளி ஆண்டு எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார். நமக்கு அந்த ஆண்டு சட்டமாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. எதை எடுப்பது என்பது மட்டுமே நம் கையில்.

மெட்ரிகுலேசனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்வி அமைச்சின் கீழ் நாடு முழுவதும் 15 கல்லூரிகள் இருக்கின்றன. நம் மாநிலத்துக்கானது கெப்பாலா பத்தாஸ், பொங்சு செரிபுவில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஓராண்டு, இரண்டு செமஸ்டர், விடுதி வசதி உண்டு. இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். கிடைத்தால் என்ற சொல்லில்தான் சிக்கல். பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு இருக்கிறது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று அறிவிக்கப்பட்டது, பின்னர் அது 2,200 ஆனது. 2024 ஜூன் இறுதியில் பிரதமர், 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அறிவித்தார்.

இங்கே தமிழ்ப்பள்ளி வழி வந்தவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பத்து ஏ எடுக்க முதலில் பத்துப் பாடம் எடுத்திருக்க வேண்டும். ஒன்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். நம்மில் பலருக்கு அந்தப் பத்தாவது பாடம் தமிழ்தான். நான்காம் படிவத்தில் "எஸ்பிஎம்முக்குத் தமிழ் எதுக்கு?" என்று கேட்கும் தம்பி தங்கைகள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மெட்ரிகுலேசனுக்கு விண்ணப்பிப்பவர் அந்த ஆண்டுக்குரிய எஸ்பிஎம் எழுதியவராக இருக்க வேண்டும். ஆறாம் படிவத்துக்கும் வயது வரம்பு உண்டு. 'ஒரு வருஷம் வேலை செஞ்சுட்டு அப்புறம் பார்ப்போம்' என்று நீங்களாக ஓர் இடைவெளி எடுத்தால், மலிவான கதவுகள் ஒவ்வொன்றாக உங்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். கடைசியில் திறந்திருப்பது பெரும்பாலும் தனியார் கல்லூரிக் கதவு. அங்கே அடிப்படைப் படிப்புக்கு மட்டுமே பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். பிரின்ஸ்டன் மாணவருக்கும் பிறை மாணவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அவருக்கு இடம் காத்திருக்கிறது. நமக்குக் காத்திருப்பது கட்டணச் சீட்டு.

வேலை செய்வதே தவறு என்று சொல்லவில்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பதினெட்டு வயதில் முதல் சம்பளம் கையில் வரும்போது அது பெரிய தொகை. வீட்டுக் கடனில் ஒரு தவணையை அடைக்கும், தங்கைக்குக் காலணி வாங்கித் தரும். அதனால்தான் அதை விட்டுவிட்டு மீண்டும் வெள்ளைச் சட்டை போட்டு வகுப்பில் உட்காருவது கடினம். என்னோடு பகுதிநேர வேலைக்கு வந்த மூவரில் ஒருவன் இன்னும் அதே கடையில் இருக்கிறான். மேற்பார்வையாளர் ஆகிவிட்டான், மகிழ்ச்சியாகவும் இருக்கிறான். இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஐந்தாம் படிவத்தில் சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

ஏழையின் பாலம்

நான் போனது ஆறாம் படிவம். இதைச் சொன்னால் கிடைக்கும் முதல் எதிர்வினை பரிதாபம். "ஐயோ, மெட்ரிக் கிடைக்கலையா?" இரண்டாவது, "எஸ்டிபிஎம் உலகத்திலேயே ரொம்பக் கஷ்டமான பரீட்சையாமே?" யார் அளந்தார்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மூன்றாவது எதிர்வினை என் அத்தையுடையது: "இன்னும் யூனிஃபார்மா?"

எச்எஸ்சி என்ற பெயரில் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த இந்தத் தேர்வு 1982இல் எஸ்டிபிஎம் ஆனது. 2012 முதல் மூன்று செமஸ்டராகப் பிரிக்கப்பட்டது. முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டு படித்ததை எல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித் தேர்வு, இடையில் சறுக்கினால் மறுதேர்வு எழுதவும் வாய்ப்பு உண்டு. மாணவர்கள் வழக்கமாக நான்கு பாடம் எடுக்கிறார்கள். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களை நோக்குபவர்களுக்கு அது நேர்வழி.

ஜோர்ஜ்டவுனில் ஹமில்டன் சாலையில் இருக்கும் ஹாஜி சைனுல் அபிடின் ஆறாம் படிவக் கல்லூரி போன்றவை முழுக்க ஆறாம் படிவத்துக்கே உரியவை. மற்ற இடங்களில் இடைநிலைப்பள்ளிக்குள்ளேயே ஆறாம் படிவ வகுப்புகள் நடக்கின்றன. நான் படித்தது இரண்டாவது வகை. காலையில் சபைகூடலில் முதலாம் படிவப் பொடிசுகளோடு நிற்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் அது போய்விடும்.

அந்த ஒன்றரை ஆண்டு எனக்கு என்ன செய்தது என்பதை இப்போது பல்கலைக்கழக முதலாண்டில் இருந்து திரும்பிப் பார்த்தால்தான் புரிகிறது. எல்லாருக்கும் கட்டாயமான பாடம் 'பெங்காஜியான் ஆம்', பொது அறிவுப் பாடம். அதில் கள ஆய்வோடு கூடிய தொகுப்புப்பணி ஒன்று உண்டு. எங்கள் குழுவில் இரண்டு மலாய்த் தோழிகள், ஒரு சீன நண்பன், நான். காலைச் சந்தையில் குப்பையைப் பற்றி ஆய்வு. மீன் கடைக்காரரிடம் வினாத்தாளை நீட்டினால் அவர் முதலில் கேட்டது, "நீ சுகாதாரத் துறையா?" அவரைச் சமாதானப்படுத்தி, மலாயில் கேட்டு, ஹொக்கியனில் வந்த பதிலை நண்பன் மொழிபெயர்க்க, அதை அட்டவணையில் ஏற்றி, பிறகு அறிக்கையாக எழுதி, வகுப்பின் முன் நின்று பேசியது எல்லாம் சேர்ந்து ஒரு பருவம் ஆனது. அப்போது அது ஒரு தொல்லை என்றுதான் நினைத்தோம். இன்று குளுகோரில் விரிவுரையாளர் "நேர்காணல் எடுத்து வாருங்கள்" என்று சொல்லும்போது, வேறு வழிகளில் வந்த என் வகுப்புத் தோழர்கள் சிலர் திகைத்து நிற்கிறார்கள். எனக்கு மீன் கடைக்காரர் நினைவுக்கு வருகிறார்.

அடுத்தது ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு என்று வந்தவர்களுக்குப் பல்கலைக்கழக விரிவுரையின் ஆங்கிலம் மூன்றாவது மலை. மூவெட் எனப்படும் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து என நான்கையும் சோதிக்கிறது. 2021 முதல் அதன் உச்ச நிலை பேண்ட் 5+. அதில் குழுக் கலந்துரையாடல் என்ற பகுதி இருக்கிறது. அடுத்தவர் சொன்னதைக் கேட்டு, மறுத்து, ஒத்துப்போய், முடிவுக்கு வர வேண்டும். மனப்பாடம் உதவாது. ஓராண்டு வாரந்தோறும் அதைச் செய்து பார்த்தவருக்கும், இரண்டு வாரம் யூடியூப் பார்த்துவிட்டுப் போனவருக்கும் வேறுபாடு தெரியும்.

மூன்றாவதாக, நேரம். ஆறாம் படிவத்தில் ஒரு நாளில் சில மணி நேரம் காலியாக இருக்கும். யாரும் துரத்தமாட்டார்கள். முதல் செமஸ்டரில் அந்த நேரம் எங்கே போனது என்று தெரியாமல் பலர் சறுக்குவார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டில் நடக்கும் அதே சறுக்கல், இங்கே மறுதேர்வு வாய்ப்போடு, வீட்டுச் சாப்பாட்டோடு, பெயர் தெரிந்த ஆசிரியரின் கண்முன் நடக்கிறது. வாரம் ஒருமுறை உங்களைப் பார்த்து "ஏன் நேத்து வரல?" என்று கேட்க ஒருவர் இருப்பது சிறிய விஷயமாகத் தெரியலாம். வெளிநாடுகளில் இதற்கு வழிகாட்டி என்று பெயர் வைத்துத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

குறையே இல்லையா என்றால், உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் கிடைக்காது. அறிவியல் பிரிவில் மாணவர் குறைந்து வகுப்பையே மூடிய பள்ளிகள் இருக்கின்றன. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு கல்விக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. மெட்ரிகுலேசனில் எடுத்த 4.0-வும் மூன்று செமஸ்டர் எஸ்டிபிஎம்மில் எடுத்த 4.0-வும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவது நியாயமா என்ற வாதம் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு முடிவு வரும்வரை வீட்டில் காத்திருப்பதால் யாருக்கும் இடம் கிடைக்கப்போவதில்லை.

சேவை என்ற பகுதி நம் அமைப்பில் பலவீனம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிக்சன் தன் பிள்ளைகளைச் சரவாக்குக்கு அனுப்பினார். நாம் கப்பலேறத் தேவையில்லை. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எஸ்பிஎம் முடித்து முடிவுக்குக் காத்திருக்கும் அந்த மாதங்களில், வாரம் இரண்டு மாலை நேரம், தாம் படித்த பள்ளியிலேயே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் வாசிக்கச் சொல்லித்தரலாம். அதற்குத் தலைமையாசிரியரின் அனுமதியும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒத்துழைப்பும், ஒரு பெயர்ப் பட்டியலும் போதும். தேர்வு முடிந்த பிள்ளைகளிடம் நேரம் இருக்கிறது. மலாயில் தடுமாறி ரிமூவ் வகுப்பை நோக்கிப் போகும் சின்னப் பிள்ளைகளிடம் தேவை இருக்கிறது. இரண்டும் ஒரே தாமானில் அடுத்தடுத்த தெருவில்தான் இருக்கின்றன. யாராவது ஒரு முன்னாள் மாணவர் சங்கம் இதை ஒரு திட்டமாக எடுத்து நடத்தினால், நம் ஊருக்கே உரிய இடைவெளிப் பருவமாக அது இருக்கும்.

என் தம்பி இப்போது ஐந்தாம் படிவம். அப்பா பிறைத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். தனியார் கல்லூரிக் கண்காட்சியில் கொடுத்த பளபளப்பான கையேடு ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரமாகக் கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில் அப்பா பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு இருக்கிறது. தம்பிக்குத் தன் நண்பர்கள் போகும் இடத்துக்குப் போக ஆசை. அதைத் தவறென்று சொல்ல நான் யார்? ஆனால் கையேட்டில் இல்லாத சில கேள்விகளை எழுதி அதன் மேலே வைத்திருக்கிறேன். இந்தப் படிப்பை முடித்தால் அதே கல்லூரியில் மட்டும்தான் பட்டப்படிப்புத் தொடர முடியுமா, அல்லது பொதுப் பல்கலைக்கழகங்களும் ஏற்குமா? நடுவில் விட்டால் கட்டிய பணம் என்ன ஆகும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியர் நேரில் பாடம் நடத்துவார்? மூவெட்டுக்குத் தனி வகுப்பு உண்டா?

மெட்ரிகுலேசன் விண்ணப்பம் திறந்ததும் அதை நிரப்புவதாகத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான். ஆறாம் படிவ இடம் எந்தப் பள்ளியில் கிடைக்கிறது என்பதை எஸ்பிஎம் முடிவுக்குப் பிறகு கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கிடைத்த பள்ளியோ பிரிவோ பிடிக்கவில்லை என்றால் குறிப்பிட்ட நாளுக்குள் முறையீடு செய்யலாம். அந்த நாள் மிகக் குறுகியது. அடையாள அட்டை நகலையும் எஸ்பிஎம் முடிவுச் சீட்டையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வைக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். கோப்பு வாங்கிவிட்டான். உள்ளே இப்போதைக்குக் கால்பந்து அட்டைகள்தான் இருக்கின்றன.